தாம்போதியும் எச்சரிக்கைப் பலகையும்
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரும்போகத்திற்கு முன் நடக்கும் கூட்டங்களில் விதைநெல், பசளை, களைநாசினி, நீர்ப்பங்கீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, வயலுக்குச் செல்லும் வழியைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். வீதியைப் பற்றிப் பேசுவது வீதிப் பகுதியாரின் வேலையல்லவா, விவசாயப் போதனாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். வயலுக்குப் போனவர் வீடு திரும்பினாற்றான் நாங்கள் சொல்லும் ஏனைய புத்திமதிகளுக்குப் பயனுண்டு. ஆகையால் இதுவும் எங்கள் அலுவலே.

கிழக்கிலும் வன்னியிலும் பெரும்பாலோர்க்கு வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலும் இருக்கின்றன. எழுவான்கரையிற் குடியிருந்து படுவான்கரையிற் செய்கை பண்ணுவோர் எத்தனையோ பேர். இடையில் ஆறு உண்டு, ஓடை உண்டு, குளத்தின் வான் பாய்ந்தோடும் தாழ்நிலம் உண்டு. ஒவ்வோர் ஓடைக்கும் உயர்ந்த பாலம் கட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டும். ஆதலால் ஓடையின் அடித்தளத்தோடு ஒட்டிய தாழ்வான கொங்கிறீற்றுத் தளமொன்றை இட்டு, அதன் கீழே சில குழாய்களைப் பதித்து, வீதியை அதன்மேல் கொண்டுபோய்விடுகின்றனர். கோடையில் நீர் குழாய்களின் வழியே கீழாற் செல்லும். மாரியில் குழாய்கள் கொள்ளாத நீர் தளத்தின் மேலாற் பாயும். இதனை மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தாம்போதி என்பர். வேறு இடங்களில் சப்பாத்து என்றும் சப்பாத்துப் பாலம் என்றும் வழங்குவர். பெயர் எதுவாயினும், வெள்ளம் மேலாற் பாய்வதற்கென்றே கட்டப்பட்ட வீதி இது என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். பாலம் நீருக்கு மேலே நிற்பதற்காகக் கட்டப்படுவது. தாம்போதி நீருக்குள் மூழ்குவதற்காகக் கட்டப்படுவது. பாலத்திற் போவதுபோலத் தாம்போதியிற் போகலாம் என்று எண்ணுவதிலிருந்தே துன்பம் தொடங்குகின்றது.

வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களும் நமது பெரும்போக வேலை மாதங்களும் ஒன்றே. களை பிடுங்கவும், பசளை எறியவும், வரம்பு உடைப்பை அடைக்கவும் நாம் வயலுக்குப் போகவேண்டிய நாட்களிற்றான் ஓடைகள் பெருகுகின்றன. கிரானிலிருந்து புலிபாய்ந்தகலுக்குப் போகும் வீதி வெள்ளக் காலங்களில் மூழ்கி, மக்கள் தோணியிலும் இயந்திரப் படகிலும் போய்வருவதைக் கிழக்கிலுள்ளவர்கள் அறிவீர்கள். பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பெருவீதியிலே, மன்னம்பிட்டிக்கு அணித்தான கல்லெல்லைப் பகுதியை மகாவலி வெள்ளம் மூடுவதுண்டு. புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய வழியில் எலுவன்குளத்துச் சப்பாத்தின் மேலாகக் கலாஓயா பாயத் தொடங்கினால், அவ்வழிப் போக்குவரத்து நின்றுவிடும். இவை பலரும் அறிந்த இடங்கள். உங்கள் கண்டத்துக்குப் போகும் பாதையிலுள்ள சிறு தாம்போதிக்குப் பத்திரிகையிற் பெயர் வருவதில்லை; ஆனால் நீங்கள் நாள்தோறும் கடப்பது அதனைத்தான்.

இனிப் பலகைகளைப் பற்றிச் சொல்வேன். நம் நாட்டு வீதிப் பலகைகளில் எழுத்தைப் படிக்கு முன்னே வடிவத்தைப் படிக்கப் பழகுதல் நன்று. மூலையில் நிறுத்திவைத்த சதுரம்போன்று, மஞ்சள் நிலத்திலே கரிய குறி வரைந்த பலகை எச்சரிக்கைப் பலகை. சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகை தடை செய்யும் பலகை. மஞ்சட் பலகை, முன்னால் இன்னது இருக்கிறது, பார்த்து நட என்று புத்தி சொல்கின்றது. சிவப்பு வட்டம், செய்யாதே என்று கட்டளையிடுகின்றது. பாலத்தருகே சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண்ணும் தொன் என்பதைக் குறிக்கும் எழுத்தும் இருந்தால், அதற்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றக்கூடாது என்பது பொருள். நெல் மூடை ஏற்றிய லொறிக்கும் அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் வாகனத்துக்கும் அந்த எண் உரியது. அதனை வெறும் அலங்காரமென்று விட்டுவிடலாகாது.

ஓடையைக் கடக்கும் இடத்திற்கு எங்கும் ஒரே பலகைதான் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில இடங்களில் எழுத்திலேயே எழுதியிருப்பர். சில இடங்களில் வீதி பள்ளமாகத் தாழ்வதைக் காட்டும் வளைகோடு மாத்திரம் இருக்கும். வேறு சில இடங்களில் வீதி ஒடுங்குவதைக் காட்டும் குறியோ, வழுக்கும் வீதியைக் காட்டும் குறியோ இருக்கும். வரண்ட வலயத்திலே, சமதரையான நாட்டிலே, பள்ளம் என்று ஒரு பலகை சொன்னால், அந்தப் பள்ளத்தில் மாரிக்கு என்ன இருக்கும் என்பதை நாம் தாமே அறிந்துகொள்ள வேண்டும். மேட்டில் நீர் நிற்பதில்லை. பள்ளமும் ஒடுக்கமும் அடுத்தடுத்து வந்தால், அது தாம்போதி என்றே வைத்துக்கொண்டு வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

குறிகளைப் பிழையாக விளங்கிக்கொள்வதும் உண்டு. வழுக்கும் வீதியைக் காட்டும் பலகையில் மோட்டார் வண்டியின் பின்னே இரண்டு வளைந்த கோடுகள் இருக்கும். சிலர் அவற்றை நீரலை என்று நினைத்து, வெள்ளம் இல்லாத நாளில் பலகையைப் பொருட்படுத்துவதில்லை. அவை வண்டி சறுக்கியதால் விழுந்த சில்லுத் தடங்களேயன்றி அலைகளல்ல. உலகின் பல நாடுகளில் வழங்கும் வேறொரு குறியிலே, வண்டியொன்று கரையிலிருந்து அலைகளுக்குள் விழுவதுபோல வரைந்திருக்கும். வீதி நீரோரத்தில் முடிகின்றது என்பதே அதன் பொருள். கடந்து போகலாம் என்று அது சொல்வதில்லை.

பிறநாட்டார் செய்வதையும் அறிந்திருப்பதில் நட்டமில்லை. பிரித்தானியாவில் ஆழங்குறைந்த ஆற்றுத்துறைகளுக்குச் சிவப்பு முக்கோணப் பலகை நாட்டுவர். துறையைக் கடந்த பின், தடுப்பைச் சோதித்துப் பார்க்கும்படி இன்னொரு பலகையும் உண்டு. அவுஸ்திரேலியாவில் வெள்ளம் பாயும் வீதி என்று எழுதி, ஆழத்தைக் கம்பங்கள் காட்டும் என்றும் சேர்த்து எழுதுவர். சொன்னபடியே அளவிட்ட கம்பங்களும் நிற்கும். அந்த இரண்டாவது வசனமே எனக்கு மிகவும் பிடித்தது. முன்னால் ஆபத்து என்று மாத்திரம் சொல்லும் பலகையிலும், ஆபத்து எவ்வளவு என்று சொல்லும் கம்பம் பன்மடங்கு பயனுள்ளது.

எச்சரிக்கைப் பலகைக்கு இயல்பான ஒரு குறை உண்டு. ஆண்டில் எட்டு அல்லது ஒன்பது மாதம் அது பொய் சொல்வதுபோலத் தோன்றும். கோடை முழுவதும் மாடு மேயும் வரண்ட ஓடையின் அருகே நின்றுகொண்டு, நீர் நீர் என்று சொல்லிக்கொண்டிருக்கும். நாமும் அதனைக் கண்டு கண்டு, ஈற்றிற் காணாதவர்களாகி விடுகின்றோம். அது போதாதென்று, பலகையின் மேல் தேர்தல் விளம்பரத்தை ஒட்டுவோரும், அதன் காலிலே கன்றுக்குட்டியைக் கட்டுவோரும் நம்மிடையே உளர். கன்றுக்குட்டியை வேறோர் இடத்திற் கட்டலாம். விளம்பரம் ஒட்டிய பலகையை மழைக்கு முன் கழுவித் துடைத்து, சுற்றிலும் வளர்ந்த பற்றையை வெட்டிவிடுவதற்கு ஒருவருக்கு அரைநாள் போதும்.

இப்பொழுது அளவுக்கம்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தாம்போதியின் இரு ஓரங்களிலும் நிரையாக நிற்கும் குட்டையான கற்கள் வீதியின் விளிம்பைக் காட்டுவதற்கானவை. அவை ஆழம் அளப்பதற்காக நாட்டப்பட்டவையல்ல. ஆயினும், ஒரு கல் தளத்திலிருந்து எத்தனை அங்குல உயரம் என்பதைக் கோடையில் அளந்து வைத்திருப்பவருக்கு, மாரியில் அக்கல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதே ஓர் அளவாகும். கற்களின் தலையே தெரியவில்லையானால் அந்த வழியை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். வீதி எங்கே முடிகின்றது, ஓடை எங்கே தொடங்குகின்றது என்பது கலங்கல் நீரில் எவர் கண்ணுக்கும் தெரியாது.

அளவிட்ட கம்பம் இருக்குமிடத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கம்பத்தின் பூச்சியம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. சரியாக நாட்டப்பட்ட கம்பத்தில் பூச்சியமானது தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தோடு மட்டமாக இருக்கும். ஆகவே கம்பம் காட்டும் எண் நீங்கள் சந்திக்கப்போகும் மிகப் பெரிய ஆழமாகும். ஆனால், கரையிலே மேடான இடத்தில் ஒரு தடியை நட்டு, அதன் அடியிலிருந்து அளவு குறித்திருந்தால், நீர் தடியின் அடியைத் தொடும்போதே நடுத்தளத்தில் முழங்காலளவு ஆழம் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட கம்பம் இல்லாதிருப்பதே மேல். கவனிக்க வேண்டிய மற்றையது, ஓடும் நீர் கம்பத்தின் மேற்புறத்தில் மோதி உயர்ந்தும், கீழ்ப்புறத்திற் பள்ளமாகியும் நிற்கும் என்பது. எங்கே பார்த்து வாசிப்பது என்று ஐயம் வந்தால் உயர்ந்து நிற்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆழம் எவ்வளவு ஆபத்து? ஐக்கிய அமெரிக்காவின் வானிலைச் சேவையினர் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு நமக்கும் பொருந்தும். வேகமாக ஓடும் நீர் 6 அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர் இருந்தால், வளர்ந்த ஒருவரை அது விழுத்திவிடலாம். ஓரடி நீர் சிறிய மோட்டார் வண்டிகளை மிதக்கச் செய்யக்கூடும். ஓடும் நீர் இரண்டடியானால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். முழங்காலளவு நீர்தானே என்று நாம் சொல்வது இந்த இரண்டடிக்குச் சற்றுக் குறைவான அளவையே. குளத்தின் ஓரத்தில் முழங்காலளவு நீரில் நிற்பதும் தாம்போதியில் முழங்காலளவு நீரில் நிற்பதும் ஒன்றல்ல. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓரடி ஆழமாகப் பாயும் வெள்ளம், 4 மீற்றர் நீளமான வண்டியொன்றின் பக்கத்தில் மோதினால், ஏறக்குறைய 250 கிலோகிராம் பாரத்தைப் பக்கவாட்டிற் சாய்த்து வைத்தது போலிருக்கும். அதே நேரத்தில் நீர் கீழிருந்து வண்டியைத் தூக்குவதால், சில்லுகள் நிலத்தைப் பற்றும் பிடியும் குறைந்துவிடும்.

வேகத்தை அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு சுள்ளியை அல்லது வாழைச்சருகைக் கரையோரமாக நீரிலிட்டு, அதனோடு கூடவே கரையில் நடந்து பாருங்கள். ஆறுதலாக நடக்கும் ஒருவர் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் செல்வார். ஆழத்தை மீற்றரிலும் வேகத்தை மீற்றரிலும் எடுத்துப் பெருக்கிவரும் தொகை 0.3 என்பதற்கு மேற்பட்டால், சிறிய மோட்டார் வண்டிக்கு அது பாதுகாப்பன்று என்பது அவுஸ்திரேலியப் பொறியியலாளர் கொள்ளும் அளவு. ஆறுதலாக நடக்கும் வேகத்தில் ஓரடி நீர் பாய்ந்தாலே அந்த எல்லையை அடைந்துவிடுகின்றோம். சுள்ளியோடு ஓடவேண்டி வந்தால் பெருக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கரையில் நீரோட்டம் குறைவு, நடுவில் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

உழவு யந்திரம் உயரமானது, பாரமானது, அதற்கு வெள்ளம் ஒரு பொருட்டன்று என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதனைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகின்றேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலுள்ள வீதியை வெள்ளம் மூடியிருந்தபோது, மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு யந்திரமும் பெட்டியும் நீரில் இழுத்துச் செல்லப்பட்டன. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். வேறு வாகனங்கள் போகமுடியாத நீரில் உழவு யந்திரம் போகும் என்பது நம் கிராமங்கள் எல்லாவற்றிலும் உள்ள நம்பிக்கை. எந்த ஊரிலும் இது நடந்திருக்கக்கூடும்.

உழவு யந்திரம் சேற்றுக்காகச் செய்யப்பட்டது. சேற்றில் அதன் பாரம் கீழ்நோக்கி அழுத்தி, பெரிய சில்லுக்குப் பிடி கொடுக்கும். ஓடும் நீரிலோ காற்று நிரம்பிய அந்தப் பெரிய ரயர்களே மிதவைகளாகி, பின்புறத்தைத் தூக்கப் பார்க்கின்றன. பெட்டியின் நிலை இதனிலும் மோசம். அடித்தளம் 10 அடி நீளமும் 6 அடி அகலமுமான பெட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். நெல் சிந்தாதபடி நான்கு பக்கமும் இறுக்க அடைத்த பெட்டி அது. நீர் அடித்தளத்திற்கு மேல் 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால், ஏறத்தாழ 550 கிலோகிராம் பாரத்தை நீர் தாங்கிக்கொள்ளும். பெட்டியில் ஏறி நிற்கும் பத்துப் பேரின் பாரம் அவ்வளவுதான். இன்னும் அவ்வளவு உயர்ந்தால், பெட்டியே தோணிபோலாகி, இணைப்பில் தொங்கிக்கொண்டு யந்திரத்தையும் பக்கவாட்டில் இழுக்கும். நெல் மூடை ஏற்றினால் பாரத்தில் நிற்கும் என்று ஒரு கமக்காரர் என்னிடம் வாதாடினார். மூடையாகக் கட்டிய நெல் அதே கொள்ளளவு நீரிலும் இலேசானது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். ஒரு லீற்றர் நெல் ஏறக்குறைய 600 கிராமுக்கு மேற்படாது. நீர் உள்ளே ஊறும்வரை மூடை மிதக்கப் பார்க்கும். நீர் மூடையைத் தொடுமட்டும் பாரம் உதவும். தொட்ட பின் உதவாது.

இருசக்கர உழவு யந்திரமோ இன்னும் தாழ்வானது. இயந்திரம் காற்றெடுக்கும் வாயில் நீர் புகுந்தால் அது நடுத்தாம்போதியில் நின்றுவிடும். நின்ற வண்டியின் மேற்புறத்தில் நீர் உயர்ந்து சேரும். அதன் பின் நடப்பது எதுவும் ஓட்டுபவர் கையில் இல்லை.

நீர் தளத்தைத் தாண்டிக் கீழ்ப்புறத்தில் விழும் இடத்தில், ஆண்டுதோறும் மண் அரித்து ஆழமான கிடங்கு உண்டாகியிருக்கும். கோடையில் அதிற்றான் சிறுவர் மீன் பிடிப்பர். தளத்திலிருந்து தள்ளப்படும் மனிதரும் வண்டியும் அந்தக் கிடங்கிற்றான் விழுவர். அங்கே நீர் திரும்பிச் சுழலும். நீந்தத் தெரிந்தவருக்கும் வெளியேறுதல் அரிது. ஆதலால் தளத்தின் மேல் ஓரடி நீர் என்பது ஓரடி ஆபத்தன்று. அருகில் ஆளையே மூடும் ஆழம் காத்திருக்கிறது. அரிப்பு தளத்தின் அடிக்குள் சென்றிருந்தால் தளமே உடைந்து போயிருக்கவுங்கூடும். கலங்கல் நீருக்குள் உடைப்புத் தெரியாது. மேற்பரப்பில் ஓரிடம் மாத்திரம் சுழிக்கிறதா, அலை எழும்பி முறிகிறதா என்று கரையில் நின்று பாருங்கள். அப்படி இருந்தால் அதற்குக் கீழே தளம் ஒழுங்காக இல்லை.

வெள்ளம் இங்கே பெய்த மழையாலேதான் வரும் என்பதில்லை. கீழ்நாட்டில் வானம் வெளுத்திருக்கும்; மேலே மலைப்பக்கத்திற் பெய்த மழை சில மணி நேரங்கழித்து வந்து சேரும். குளங்களின் வான்கதவுகளைத் திறந்தாலும் அப்படியே. காலையிற் கணுக்காலளவு நீரில் கடந்தவர், மாலையில் இடுப்பளவு நீரைக் காண்பது இதனாலேயே. நீர்ப்பாசனத் திணைக்களத்தாரின் வெள்ள அறிவித்தலும் வான்கதவு திறக்கும் அறிவித்தலும் வட்டவிதானையாருக்குத் தெரிந்தால் மாத்திரம் போதாது. வயலுக்குள் வாடியில் தங்கியிருப்பவருக்கும் அச்செய்தி போய்ச் சேர வேண்டும். கைத்தொலைபேசி உள்ள இக்காலத்தில் அது கடினமான காரியமன்று. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்.

பாதுகாப்புப் படையினரோ பொலிசாரோ வீதியை மறித்துக் கயிறு கட்டியிருந்தால் அங்கே தர்க்கம் வேண்டாம். மறிப்பு இல்லாத இடத்தில் முடிவு உங்களுடையது. என் அபிப்பிராயம் இது: தளத்தின் ஓரக்கற்கள் தெளிவாகத் தெரிந்து, நீர் கணுக்காலுக்கு மேற்படாமல், சுள்ளி மெல்ல நகருமாயின், பகலில் யந்திரத்தை மாத்திரம் தாழ்ந்த கியரில் கொண்டுபோகலாம். பெட்டியிலும் சேற்றுக்காப்பின் மேலும் ஒருவரும் இருத்தலாகாது. பிள்ளைகளை ஒருபோதும் ஏற்றக்கூடாது. இரவில் எந்த அளவு நீரானாலும் கடக்க வேண்டாம். கடந்து கரையேறியதும் தடுப்பை இலேசாக மிதித்தபடி சிறிது தூரம் மெல்ல ஓட்டினால் நனைந்த தடுப்பு உலர்ந்து மீண்டும் பிடிக்கத் தொடங்கும். உழவு யந்திரத்தின் இரண்டு தடுப்புப் பலகைகளையும் வயலை விட்டு வீதிக்கு ஏறும்போதே ஒன்றாகக் கொளுவியிருக்க வேண்டும். நீர் வற்றிய பின்னும் அவசரம் வேண்டாம். தளத்தில் வண்டல் படிந்து, பாசி பிடித்து, மோட்டார் சைக்கிளைச் சறுக்கி விழுத்தும். முதல் ஆள் நடந்து பார்த்த பின்பே வண்டி போகட்டும்.

கடக்க வேண்டிய அவசியம் வராமற் செய்வதே கமக்காரர்க்கு அழகிய வழி. வெள்ளம் மூடிய வயலைப் பார்க்கப் போய் நாம் செய்யக்கூடியது என்ன? ஆறு இறங்கும்வரை வயல் நீர் வடியாது. வரம்பை வெட்டினாலும் வெளியிலுள்ள நீரே உள்ளே வரும். முளைத்துச் சில வாரங்களான நெல் முழுவதும் மூழ்கினாலும் சில நாட்கள் தாங்கிக்கொள்ளும். ஆறு இறங்கிய மறுநாள் போய் வடிகாலைத் திறப்பதே பயன்தரும் வேலை. பசளையையும் மருந்தையும் மறுகரை வாடியில் உயரமான பரணில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மாடுகளை ஐப்பசி கழியுமுன் மேட்டுநிலத்திற்கு ஓட்டிவிடுங்கள். மாட்டைத் தேடிப் போய் வெள்ளத்தில் அகப்பட்டவர்களின் கதை ஊருக்கு ஒன்றாவது உண்டு.

மரக்கறிச் செய்கையாளர் அதிகாலையிற் சந்தைக்குப் போகவேண்டியவர்கள். இருட்டில், மோட்டார் சைக்கிளில், இரண்டு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு தாம்போதிக்கு வருகின்றார்கள். கூடைக்கு நீர் மோதினால் ஓரடி தேவையில்லை; அரையடி போதும். பூசணி, நீற்றுப்பூசணி முதலியன வாரக்கணக்காக இருக்கும். கத்தரிக்காயை நிழலில் ஈரச்சாக்கின் கீழ் வைத்தால் இரண்டு மூன்று நாள் விற்கக்கூடிய நிலையிலிருக்கும். வெண்டியும் கீரையும் மாத்திரமே அன்றன்று போகவேண்டியவை. ஆகவே, தாம்போதிக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் மாரி மாதங்களில் வெண்டியையும் கீரையையும் குறைத்து, பொறுத்திருக்கும் மரக்கறிகளைக் கூட்டிச் செய்தால், ஒரு நாள் சந்தை தவறினாலும் கை முழுவதும் நட்டமாகாது.

ஈற்றில், நமது கண்டத்து வழியிலுள்ள தாம்போதிக்கு அளவுக்கம்பம் நாட்டும் வேலையைச் சொல்வேன். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு உரியன. ஊர் வீதிகள் பிரதேச சபைக்கு உரியன. அவற்றில் நாமாக எதையும் நாட்டாமல், கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுத்துமூலம் கேட்க வேண்டும். வயற்பாதைகளைப் பொறுத்தவரை, கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தருக்கு அறிவித்து, நாமே செய்துகொள்ளலாம்.

கோடையில், தளம் உலர்ந்திருக்கும்போது செய்க. வேண்டியவை இரண்டு கொங்கிறீற்றுத் தூண்கள் அல்லது வைரம்பாய்ந்த பாலைக் கட்டைகள், மேசன்மார் மட்டம் பார்க்கும் நிறமற்ற பிளாஸ்திக் குழாய், அளவு நாடா, வர்ணம் ஆகியவை. தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு தடியை நிமிர்த்திப் பிடியுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இல்லாதபடி நீரை நிரப்பி, ஒரு முனையைத் தடியோடும் மறுமுனையைக் கரையோரத் தூணோடும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தடியிலே நீர்மட்டம் தளத்திலிருந்து 100 சென்ரிமீற்றர் உயரத்தில் வருமாறு குழாயை உயர்த்தித் தாழ்த்திச் சரிசெய்து, அந்நேரத்தில் தூணில் நீர் நிற்குமிடத்தில் 100 என்று குறியுங்கள். அதிலிருந்து கீழ்நோக்கி 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக அளந்து வாருங்கள். குழாய் எட்டாத தூரமாயின், இடையில் ஒரு முளையை அடித்து இரண்டு முறையாக மட்டத்தைக் கொண்டுபோகலாம். தூணின் அடி நிலத்தைத் தொடும் இடத்தில் 40 என்று வந்தால், தூண் மிகவும் மேட்டில் நிற்கின்றது. அதனைச் சரிவில் கீழே இறக்கி நாட்டுங்கள். இரு கரைக்கும் ஒவ்வொன்று வேண்டும். வண்டியை நீருக்குள் இறக்குமுன், இருந்த இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி அவை நிற்க வேண்டும்.

15 சென்ரிமீற்றர் வரை வெள்ளை, அங்கிருந்து 30 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று பூசினால் எழுத வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் சிறு பிள்ளைக்கும் விளங்கும். எண்களைக் கறுப்பில் உள்ளங்கையளவு பெரிதாக எழுதுங்கள். வெள்ளம் கொண்டுவரும் மரக்கட்டைகள் மோதினாலும் சாயாதபடி தூணைச் சுற்றி மூன்றடி ஆழத்திற்குக் கல் அடுக்கிச் சீமெந்து இடவேண்டும். வர்ணம் ஒரு மாரிக்கே மங்கிவிடும். ஆகையால் ஆண்டுதோறும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில், வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்கும்போதே தூணுக்கு வர்ணம் பூசவும் ஒருவரைப் பெயர் குறித்து நியமித்துக்கொள்ளுங்கள். குழாய்மட்டம் பார்க்கத் தெரியாதவர்கள் வேலை நாளை எனக்கு முன்கூட்டி அறிவித்தால், நான் வந்து கூடநின்று காட்டித் தருவேன்.